வானம் காட்டாத நாள்

கிராண்ட்பாஸில் ஒரே ஒழுங்கையில் நான்கு வீடுகள் அடுத்தடுத்து இருக்குமானால், அங்கே நான்கு விதமான காலக்கணக்குகளும் அடுத்தடுத்து வாழ்கின்றன எனலாம். இந்துக் குடும்பத்தினர் நல்ல காரியம் ஒன்றைத் தொடங்குமுன் அன்றைய திதியையும் நட்சத்திரத்தையும் பஞ்சாங்கத்தில் பார்க்கின்றனர். இஸ்லாமியக் குடும்பத்தினர் நோன்பு மாதம் முடியும் மாலையில், கொழும்பு பெரிய பள்ளிவாசலிலிருந்து வரும் பிறை அறிவித்தலுக்காகக் காத்திருக்கின்றனர். பௌத்த குடும்பத்தினர் முழுமதி நாளில் வெண்ணிற ஆடை அணிந்து விகாரைக்குச் செல்கின்றனர். ஞாயிறு விடிந்ததும் கத்தோலிக்கக் குடும்பத்தினர் புனித சூசையப்பர் ஆலயத்தை நோக்கி நடக்கின்றனர்.

முதல் மூன்று வீட்டாருக்கும் வானத்தில் சாட்சி உண்டு. பிறை தெரிகிறது, முழுமதி தெரிகிறது, நிலவு எந்த நட்சத்திரத்தின் அருகே நிற்கிறது என்பதும் தெரிகிறது. ஆனால் இன்று ஞாயிற்றுக்கிழமை என்பதற்கு வானத்தில் என்ன அடையாளம் உண்டு? மறைப்பாடசாலைக்குச் செல்லும் ஒரு பிள்ளை இக்கேள்வியை நம்மிடம் கேட்டால் நாம் என்ன விடை கூறுவோம்? சனிக்கிழமைச் சூரியனுக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சூரியனுக்கும் வேறுபாடு இல்லையே!

இக்கேள்வி நம் விசுவாச வாழ்வின் ஆழமான உண்மையொன்றைத் தொடுகிறது. அதனை இன்று சற்றே சிந்திப்போம்.

விளக்குகள் சொல்லும் கணக்கு

படைப்பின் நான்காம் நாளில் இறைவன் வானத்தில் விளக்குகளை ஏற்படுத்தினார் எனத் தொடக்க நூலின் முதலாம் அதிகாரம் கூறுகின்றது. பகலையும் இரவையும் பிரிப்பதும், காலங்களுக்கும் நாட்களுக்கும் ஆண்டுகளுக்கும் அடையாளமாக இருப்பதும் அவற்றின் பணி. இறைவன் ஒப்படைத்த அப்பணியை அவை இன்றுவரை தவறாது செய்து வருகின்றன.

பூமி தன்னைத்தானே சுற்றுவதால் நாள் உண்டாகிறது. நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் அச்சுற்று 23 மணி 56 நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் பூமி அதே வேளையில் சூரியனையும் வலம் வருவதால், சூரியன் மீண்டும் உச்சிக்கு வர இன்னும் ஏறக்குறைய நான்கு நிமிடங்கள் தேவைப்படுகின்றன. இந்த நான்கு நிமிட வேறுபாட்டினால்தான் நட்சத்திரங்கள் ஒவ்வொரு நாளும் நான்கு நிமிடம் முந்தி உதிக்கின்றன. ஒரு மாதத்தில் அது இரண்டு மணித்தியாலமாகிறது. நத்தார் நள்ளிரவுத் திருப்பலிக்கு வரும்போது சற்று அண்ணாந்து பாருங்கள். ஒரே வரிசையில் நிற்கும் மூன்று நட்சத்திரங்கள், மேகமில்லாத இரவானால், ஏறத்தாழ நம் தலைக்கு நேராக நிற்கும். ஆண்டுதோறும் அதே இரவில், அதே வேளையில், அதே இடத்தில் அவை நிற்கின்றன.

சந்திரனோ ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் பிந்தி உதிக்கிறது. ஒரு முழுமதியிலிருந்து அடுத்த முழுமதி வரை சராசரியாக 29 நாட்கள், 12 மணி, 44 நிமிடங்கள் செல்கின்றன. இது மாதத்தின் கணக்கு. பருவங்கள் ஒரு முறை சுழன்று வர 365 நாட்களும் ஏறக்குறைய 5 மணி 49 நிமிடங்களும் ஆகின்றன. இது ஆண்டின் கணக்கு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நாள் உண்டு, காலம் உண்டு, ஆண்டு உண்டு; ஆனால் அந்த விளக்குகளுக்கு ஒப்படைக்கப்பட்ட பணிகளில் கிழமைக் கணக்கு இல்லை. ஏழு நாட்களில் ஒரு சுற்றை முடிக்கும் எந்த ஒளியும் வானில் இல்லை. கிழமைகளுக்கு ஞாயிறு, திங்கள், செவ்வாய் எனக் கோள்களின் பெயர்களை மனிதர் இட்டனர். எனினும் அவற்றுள் எதுவும் ஏழு நாட்களில் ஓடி முடிவதில்லை. சந்திரனின் கால்பங்கு ஏழு நாட்களுக்கு அண்மையில் வருகிறது. ஆயினும் அது ஏழு நாட்களோடு சராசரியாக ஒன்பது மணித்தியாலங்களும் கூடியது. நான்கு கிழமைகள் முடியும்போது சந்திரன் ஒன்றரை நாள் பின்தங்கி நிற்கும்.

அப்படியாயின் ஏழு நாள் சுற்று எங்கிருந்து வந்தது? அது தொடக்க நூலின் இரண்டாம் அதிகாரத்தில் வருகின்றது. இறைவன் தம் படைப்பு வேலையை முடித்து, ஏழாம் நாளில் ஓய்ந்திருந்து, அந்நாளுக்கு ஆசி வழங்கிப் புனிதப்படுத்தினார். அந்த நாளுக்கு அடையாளமாக வானத்தில் எதையும் அவர் வைக்கவில்லை. பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்கள் அதனை அறிந்துகொண்டதும் வானத்தைப் பார்த்தல்ல. ஆறாம் நாளில் இரட்டிப்பாகக் கிடைத்த மன்னா ஏழாம் நாளில் கிடைக்கவில்லை என்பதைக் கண்டே அறிந்தனர் என விடுதலைப் பயண நூலின் 16ஆம் அதிகாரம் கூறுகின்றது. ஏழாம் நாளை எண்ணி நினைவில் காக்கும் பொறுப்பை இறைவன் தம் மக்களிடமே விட்டுவிட்டார்.

மணிக்கூட்டை மாற்றலாம்

மணிக்கூட்டு நேரம் மனிதர் வகுத்தது என்பதை நம் நாட்டில் நாற்பது வயதைக் கடந்த எவரும் அனுபவத்தில் அறிவர். 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் மின்சாரத்தைச் சேமிப்பதற்காக நாட்டின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்னோக்கி நகர்த்தப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னோக்கி வந்தது. எஞ்சிய அரை மணித்தியாலம் 2006ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில்தான் திருத்தப்பட்டது. இடைப்பட்ட அந்தப் பத்தாண்டுகளில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வடக்குப் பகுதிகளில் பழைய நேரமே பின்பற்றப்பட்டது. ஒரே தீவில், ஒரே சூரியனின் கீழ், இரண்டு மணிக்கூடுகள்!

இன்றும் நமது மணிக்கூடு கொழும்புச் சூரியனைக் காட்டவில்லை. இலங்கை நேரம் கிழக்கு நெடுங்கோடு 82½ பாகையை அடிப்படையாகக் கொண்டது. அக்கோடு நம் தீவின் கிழக்குக் கரைக்கும் அப்பால் கடலில் செல்கிறது. கொழும்போ 80 பாகைக்குச் சற்று மேற்கே உள்ளது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்பதால், இங்கு சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பகல் 12 மணி 10 நிமிடத்தளவில்தான். நண்பகல் திரிகாலச் செபத்திற்காக ஆலய மணி ஒலிக்கையில் சூரியன் பெரும்பாலும் இன்னும் உச்சிக்கு வந்திருக்காது. அதனால் நம் செபம் குறைபடுவதில்லை. மரியன்னைக்கு வானதூதர் உரைத்ததை நாம் ஒன்றாக நினைவுகூருகிறோம் என்பதே அம்மணியின் பொருள்.

நாட்காட்டியையும் மாற்றலாம். 1582ஆம் ஆண்டில் பாப்பரசர் 13ஆம் கிரகோரியார் பழைய நாட்காட்டியின் பிழையைத் திருத்தியபோது பத்துத் திகதிகள் நீக்கப்பட்டன. ஒக்டோபர் 4ஆம் திகதிக்கு அடுத்த நாள் ஒக்டோபர் 15ஆம் திகதி ஆயிற்று. அந்த இரவில்தான் அவிலா நகர் புனித தெரேசா இறைவனடி சேர்ந்தார். அவரது திருநாளை நாம் ஒக்டோபர் 15இல் கொண்டாடுகிறோம். ஆனால் அந்த ஒக்டோபர் 4ஆம் திகதி வியாழக்கிழமை. 15ஆம் திகதி வெள்ளிக்கிழமை. பத்துத் திகதிகளை அகற்றிய திருச்சபை, கிழமைகளின் தொடரில் ஒன்றைத்தானும் அகற்றவில்லை.

இதே நிலைப்பாட்டையே இரண்டாம் வத்திக்கான் சங்கமும் எடுத்தது. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் திகதி வெளியான திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டின் பின்னிணைப்பில் நாட்காட்டிச் சீர்திருத்தம் பற்றிய ஓர் அறிக்கை உண்டு. உலகம் நிலையான ஒரு நாட்காட்டியை வகுக்குமாயின் திருச்சபை அதனை எதிர்க்காது. ஆனால் ஞாயிற்றுக்கிழமையோடு கூடிய ஏழு நாள் கிழமை முறிவுறாது காக்கப்படவேண்டும் என்பதே அதன் சாரம்.

ஞாயிறு வேலை நாளான காலம்

சங்கம் அதனைக் கூறி இரண்டு ஆண்டுகள் சென்றதும் நம் நாட்டிலேயே அது சோதிக்கப்பட்டது. இன்றைய இளையோர் பலருக்கு இது புதிய செய்தியாக இருக்கலாம். 1966ஆம் ஆண்டு ஜனவரி முதல், டட்லி சேனாநாயக்க அரசாங்கத்தின் காலத்தில், வாராந்த விடுமுறை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போயா நாளுக்கு மாற்றப்பட்டது. அமாவாசை, வளர்பிறைக் கால்மதி, முழுமதி, தேய்பிறைக் கால்மதி எனச் சந்திரனின் நான்கு நிலைகளும் விடுமுறைகளாயின. ஞாயிறு ஒரு சாதாரண வேலை நாளாயிற்று.

பௌத்த மக்களின் பார்வையில் இது நியாயமான ஒரு விருப்பமே. அவர்களுடைய வழிபாட்டு நாட்கள் சந்திரனைப் பின்பற்றுபவை. அந்நிய ஆட்சியில் ஞாயிறு ஓய்வு நாளாகிவிட, தமது புனித நாளில் அவர்கள் வேலைக்குச் செல்லவேண்டியிருந்தது. அந்தத் துன்பம் எத்தகையது என்பதை அடுத்த ஐந்தரை ஆண்டுகளில் நாமும் அனுபவித்து அறிந்தோம்.

இம்முறையில் ஒரு சிக்கல் உடன் இருந்தது. சந்திரனின் கால்பங்கு சரியாக ஏழு நாளில் முடிவதில்லை என்று மேலே கண்டோம். எனவே ஒரு விடுமுறைக்கும் அடுத்த விடுமுறைக்கும் இடையே ஒரு முறை ஏழு நாள், மறுமுறை எட்டு நாள் என வந்தது. விடுமுறை ஒரே கிழமையில் நிலைத்து நிற்கவில்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 49 போயா நாட்கள் என்றால், அவற்றுள் ஏழு அளவிலேயே ஞாயிற்றுக்கிழமையில் வந்திருக்கும். எஞ்சிய நாற்பத்தைந்து ஞாயிறுகளிலும் தந்தையர் துறைமுகத்திற்கும் தொழிற்சாலைக்கும் கந்தோருக்கும், பிள்ளைகள் பாடசாலைக்கும் சென்றாக வேண்டியிருந்தது.

ஞாயிறு திருப்பலிக் கடமையோ மாறவில்லை. வேலைக்குச் செல்லுமுன் அதிகாலையில், அல்லது வேலை முடிந்தபின் மாலையில் என இரண்டே வழிகள் இருந்தன. இறைவனின் பராமரிப்பை இங்கே நாம் காண்கிறோம். அதற்கு முந்திய தலைமுறைக்கு மாலைத் திருப்பலி என்பதே பொதுவாக இருக்கவில்லை. நள்ளிரவு முதல் தண்ணீரும் அருந்தாது நற்கருணை பெறவேண்டியிருந்தது. 1953இலும் 1957இலும் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் மாலைத் திருப்பலிக்கு வழி திறந்து, உபவாச நேரத்தையும் மூன்று மணித்தியாலமாகக் குறைத்தார். 1964இல் பாப்பரசர் 6ஆம் சின்னப்பர் அதனை ஒரு மணித்தியாலமாக்கினார். ஆலைப் புழுதியோடு மாலையில் வந்து பலியில் பங்குகொள்ளும் தொழிலாளிக்கு, கொழும்பில் விடுமுறை மாறுவதற்கு முன்பே திருச்சபை கதவைத் திறந்து வைத்திருந்தது.

உலகின் ஏனைய நாடுகளோடு வணிகமும் வங்கி அலுவல்களும் இசையாமற் போனதால், 1971ஆம் ஆண்டில் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் சனி, ஞாயிறு விடுமுறையை மீண்டும் கொண்டுவந்தது. முழுமதிப் போயா மட்டும் பொது விடுமுறையாக நிலைத்தது. அதுவே இன்றும் நம் சுவர் நாட்காட்டியில் ஒரு வட்டமாக நிற்கிறது. அந்த வட்டத்தைக் காணும்போது நம் அயலவரின் பக்தியை மதிப்போம். அத்தோடு, விடுமுறை இல்லாமலேயே ஞாயிறைக் காத்த நம் பாட்டன் பாட்டியரையும் நன்றியோடு நினைப்போம். அவர்களுள் சிலர் இன்றும் நம் வீடுகளில் இருக்கின்றனர். அக்காலத்தில் ஞாயிறு எப்படி இருந்தது என்று பிள்ளைகள் அவர்களிடம் கேட்கட்டும்.

விடுமுறையற்ற முதல் முந்நூறு ஆண்டுகள்

உண்மையில், ஆதித் திருச்சபையின் நிலையும் இதுவே. உரோமைப் பேரரசர் கொன்ஸ்தந்தீன் ஞாயிறை ஓய்வு நாளாக அறிவித்தது கி.பி. 321ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள், ஞாயிறு கிறிஸ்தவர்களுக்கு ஒரு வேலை நாள். அவர்களுள் பலர் அடிமைகள். எசமானின் அனுமதியின்றி ஒரு மணி நேரமும் அவர்களுக்குச் சொந்தமாக இருக்கவில்லை. ஆகவே விடியுமுன் கூடினர். 304ஆம் ஆண்டளவில், இன்றைய துனிசியாவிலுள்ள அபித்தினா என்னும் ஊரில், தடையை மீறி ஞாயிறு வழிபாட்டிற்குக் கூடிய 49 பேர் கைது செய்யப்பட்டனர். ஏன் கட்டளையை மீறினீர்கள் என விசாரிக்கப்பட்டபோது, ஆண்டவரின் நாளின்றித் தங்களால் வாழ இயலாது என அவர்கள் சான்று பகர்ந்தனர். அதற்காக உயிரையும் கொடுத்தனர்.

அவர்கள் ஞாயிறைத் தெரிந்தது விடுமுறைக்காகவும் அல்ல, சூரியனின் பெயருக்காகவும் அல்ல. கிழமையின் முதல் நாள் விடியற்காலையில் கல்லறை வெறுமையாயிருந்தது. அதுவே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது.

மூன்று கணக்குகளும் கூடும் நாள்

ஆண்டில் ஒருமுறை திருச்சபை சூரியனையும் சந்திரனையும் கிழமையையும் ஒன்றாகச் சேர்க்கின்றது. அதுவே உயிர்த்த ஞாயிறு. மார்ச் 21ஆம் திகதியோ அதற்குப் பின்னரோ வரும் முதல் முழுமதியைக் கண்டு, அதற்கு அடுத்த ஞாயிறைப் பெருவிழாவாகக் கொண்டாடுகிறோம். பகலும் இரவும் சமமாகும் நாளைச் சூரியன் தருகிறது. முழுமதியைச் சந்திரன் தருகிறது. ஞாயிறைக் கிறிஸ்து தருகிறார். எல்லாரும் ஒரே ஞாயிறில் கொண்டாட வேண்டும் என்பதை 325ஆம் ஆண்டின் நிசேயா பொதுச்சங்கம் வலியுறுத்தியது. இதனால் உயிர்ப்பு விழா மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே நகர்கிறது. புனித வாரம் எப்போதும் ஒரு போயா நாளை அண்டியே வருவதும் இதனால்தான்.

2019ஆம் ஆண்டில் பெரிய வெள்ளியும் பக் முழுமதிப் போயாவும் ஏப்ரல் 19ஆம் திகதி ஒரே நாளில் வந்தன. இரண்டு நாட்களின் பின், உயிர்த்த ஞாயிறன்று நடந்ததை நாம் மறக்க முடியாது. இங்கிருந்து நடந்துசெல்லும் தொலைவிலுள்ள கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் விடுதிகளிலும் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். காலை 8.45 மணி என்பது அன்றுமுதல் நமக்கு வெறும் மணிக்கூட்டு நேரம் அன்று. ஆண்டுதோறும் அந்நேரத்தில் ஆலய மணிகள் ஒலிக்க, நாம் மௌனமாக நிற்கிறோம்.

அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 28, ஆலயங்களில் பொதுத் திருப்பலி இல்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தமது இல்லச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த திருப்பலியைத் தொலைக்காட்சியில் கண்டு, வீட்டு முன்னறையில் முழந்தாட்படியிட்டோம். 2020இல் கொரோனா ஊரடங்கின்போதும் அவ்வாறே. அவ்வாண்டு ஏப்ரல் 12ஆம் திகதி உயிர்ப்பு விழாவையும் பூட்டிய கதவுகளுக்குள் கொண்டாடினோம்.

1966இல் அரசாங்கத்தின் நாட்காட்டி நம் ஞாயிறை எடுத்துக்கொண்டது. 2019இல் வன்முறையும், 2020இல் நோயும் அவ்வாறே செய்தன. மூன்று முறையும் நம் குடும்பங்கள் ஞாயிறைக் கைவிடவில்லை.

நாமாகவே கையளிக்கும் ஞாயிறு

இன்றோ எவரும் நம்மிடமிருந்து ஞாயிறைப் பறிக்கவில்லை. விடுமுறை உண்டு, ஆலயக் கதவு திறந்திருக்கிறது, மணி ஒலிக்கிறது. ஆயினும் புலமைப்பரிசிலுக்கும் சாதாரண தரத்திற்கும் உயர்தரத்திற்கும் ஆயத்தம் செய்யும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் ஞாயிறு காலையில் பிரத்தியேக வகுப்பு வாங்கில்களில் அமர்ந்திருக்கின்றனர்? ஞாயிறு முற்பகலிலாவது அவ்வகுப்புகளை நிறுத்துமாறு திருச்சபை பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றது. அந்த வகுப்பிற்குப் பிள்ளையை அனுப்புவதோ பெற்றோராகிய நாம்தான்.

பெற்றோரைக் குறைகூறுவது இலகு. கிராண்ட்பாஸில் வாடகை வீட்டில் வாழ்ந்து, பிள்ளையின் கல்வியையே ஒரே சொத்தாக நம்பியிருக்கும் தாயின் மனத்தை நாம் அறிவோம். ஞாயிறிலும் வேலைக்குச் சென்றால்தான் மாதம் ஓடும் என்னும் தந்தையின் நிலையும் அத்தகையதே. ஓய்வு நாள் மனிதருக்காகவே உண்டானது என்று கூறிய இயேசு அவர்கள்மீது கல்லெறிய மாட்டார். ஆனால் 1966இன் தொழிலாளியும் நம்மைவிட வசதியாக வாழவில்லை. அவர் வேலையைக் கைவிடவுமில்லை, ஞாயிறைக் கைவிடவுமில்லை. அதிகாலையிலோ அந்தியிலோ ஒரு மணி நேரத்தை இறைவனுக்கென ஒதுக்கினார். இன்று சனி மாலையிலும் ஞாயிறு மாலையிலும் திருப்பலி கிடைக்கிறது. வகுப்பு காலையில் என்றால், மாலையில் குடும்பமாகச் செல்லலாம். வகுப்பின் நேரத்தை மாற்றுமாறு பெற்றோர் நால்வர் சேர்ந்து ஆசிரியரிடம் பணிவாகக் கேட்கலாம். ஞாயிறு மதிய உணவையாவது தொலைபேசியும் தொலைக்காட்சியும் இல்லாமல் ஒன்றாக உண்ணலாம்.

பிள்ளையின் கேள்விக்கு வருவோம். இன்று ஞாயிறு என்பதற்கு வானத்தில் அடையாளம் இல்லை. மகளே, மகனே, நாம்தான் அதன் அடையாளம். நம் வீட்டார் எழுந்து, உடுத்தி, ஆலயத்தை நோக்கி நடப்பதைக் கண்டே நம் ஒழுங்கையில் உள்ளவர்கள் இன்று ஞாயிறு என அறிகின்றனர். நாம் நடக்காமல் விட்டால், சூரியன் வழமைபோல் உதிக்கும். சந்திரன் வழமைபோல் தேயும். ஞாயிறு மட்டும் ஒருவருக்கும் தெரியாமல் கடந்து போகும்.

செபம்: காலங்களின் ஆண்டவரே, சூரியனுக்கும் சந்திரனுக்கும் அவற்றின் பாதையைக் காட்டினீர், உமது நாளை எங்கள் கையில் ஒப்படைத்தீர். இடர்மிகுந்த காலங்களிலும் அதனைக் காத்த எங்கள் முன்னோருக்கு நித்திய இளைப்பாறுதலைத் தாரும். உயிர்ப்பு ஞாயிறன்று உம்மிடம் வந்து சேர்ந்தவர்களை உமது ஒளியில் வைத்தருளும். எங்கள் பிள்ளைகளுக்கு இந்நாளைக் குறையின்றிக் கையளிக்க எங்களுக்கு மனத்துணிவைத் தாரும். ஆமென்.